மேலம்பும் பதினோராவது அல்வாவும்

மேல்நோக்கிய அம்புக்குறியை ரேணுகா சுண்டுவிரலால்தான் அழுத்துகிறார். மற்ற விரல்களில் எப்போதும் ஏதேனும் ஒட்டிக்கொண்டிருக்கும்: மாவு, நெய், புளிக்கரைசல், சில நாள்களில் மூன்றும். ஓர் அழுத்தத்துக்கு ஒரு வரி பின்னால் போகிறது. நேற்றைய சாம்பார், முந்தாநாளைய வத்தக்குழம்பு, சென்ற முகூர்த்தத்துப் பருப்பு. அறுபது எழுபது முறை தட்டியபின், "இந்தா, மாட்டிக்கினாரு பாரு!" என்று அடுக்களை அதிரக் கூவுகிறார். திரையில் வந்து நிற்பவர் வேறு யாருமல்லர். வைகாசி மாதத்துப் புளியோதரை.

பட்டாபிராமில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், கல்யாணச் சமையலை ஒப்பந்தமாக எடுத்துச் செய்பவர் ரேணுகா. வயது நாற்பத்தெட்டு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் ஆறு அடுப்புகள். பெருங்காய டப்பாவுக்கும் தேங்காய்த் துருவிக்கும் நடுவே, பால் பாக்கெட் உறைகளை ஒட்டித் தைத்த மேலாடை அணிந்து ஒரு மடிக்கணினி. அதன் எழுத்துகளில் பாதி தேய்ந்துவிட்டன. மீதியை மஞ்சள் மூடிவிட்டது. இருந்தாலும் விரல் வழி தவறுவதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன்பு, மாடியில் குடியிருக்கும் முகமது ஆசிக்கிடம் ரேணுகா ஒரு குறையைச் சொன்னார். ஆசிக் கடையநல்லூர்க்காரர், மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். "தம்பி, இந்த கால்குலேட்டரு சுத்த மறதி புடிச்சது. நேத்து இன்னா போட்டேன்னு கேட்டா பேந்தப் பேந்த முழிக்குது. ஞாபகம் வெச்சிக்கிற மாதிரி ஒண்ணு குடு" என்றார். ஆசிக் தம் பழைய மடிக்கணினியைத் துடைத்துக் கொடுத்து, பைத்தான் என்னும் கணினிமொழியின் உரையாடல் சன்னலைத் திறந்து காட்டினார். ஒரு வரி கொடுத்தால் உடனே விடை வரும். மறுநாள் திறந்து மேலம்பை அழுத்தினால், நேற்றுக் கொடுத்த வரி அப்படியே எழுந்து வரும். அன்று மாலை மாடிப்படி ஏறிப் போன பாயசத் தூக்கு இரண்டு படி கொள்ளும்.

ரேணுகாவின் அகராதியில் அது 'கறுப்பு சன்னல்'. வரியின் தொடக்கத்தில் நிற்கும் மூன்று கூர்க்குறிகள் 'மூணு கொக்கி'. "கொக்கி வந்தா இன்னா மாட்டலாம்னு கேக்குதுன்னு அர்த்தம்" என்பது அவர் விளக்கம். பருப்பு, புளி, உப்பு என்று தமிழிலேயே பெயரிட்டு, இலை எண்ணிக்கையால் பெருக்குகிறார். இயந்திரம் முகம் சுளிக்காமல் கணக்கிடுகிறது.

அது முகம் சுளிப்பது வேறோர் இடத்தில். கணக்குக்கு நடுவே ரேணுகா தம் எண்ணங்களையும் தட்டிவிடுவார். "மழ வந்தா ரசம் கூட வையி." "திருமழிசை மண்டபம் தண்ணி உப்பு, பாத்துப் போடு." "மாப்ள ஊட்டுக்காரங்க மோர் கேட்டுக்கினே கீறாங்க." ஒவ்வொன்றுக்கும் இயந்திரம், இது தொடரே இல்லை என்று பிழைச்செய்தி நீட்டும். ஆனால், பிழையான வரியும் நினைவில் ஏறிவிடும். அம்பை அழுத்தினால் அதுவும் எழுந்து வரும். முன்னால் # என்னும் வேலிக்குறி ஒன்றைப் போட்டுவிட்டால் இயந்திரம் கண்டுகொள்ளாது என்று ஆசிக் சொல்லிப் பார்த்தார்.

"போட்டா?"

"அது பேசாம இருக்கும்க்கா."

"இன்னாத்துக்குப் பேசாம இருக்கணும்? இந்த ஊட்ல யாரு பேசாம கீறாங்க?"

ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால் போதாதா என்று கேட்பவருக்கு ரேணுகாவிடம் பதில் உண்டு. "நோட்ல கடசியா சரியா வந்ததைத்தான் எய்துவோம். தப்பா போட்டது எங்க போவும்? இங்க பாரு, உப்பு மூணு தபா தப்பு, நாலாவது தபா சரி. அந்த மூணு தப்பும் எனக்கு வோணும். இல்லாங்காட்டி மறுக்கா அதே பள்ளத்துல போய்த்தான் உயுவேன்."

இந்த ஞாபகசக்திக்கு ஒரு நிபந்தனை உண்டு. முறையாக விடைபெற்றால்தான் சன்னல் தன் அன்றைய வரிகளை எழுதி வைக்கும். 'எக்ஸிட்' என்று அடித்து, இரண்டு வளைவுக்குறிகளையும் போட்டு, நுழைவு விசையைத் தட்டவேண்டும். மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினால் அன்று அடித்தது அத்தனையும் காற்றோடு போம். அந்தக் குறியை நோக்கி நீண்ட கை எதுவாயினும் கரண்டிக் காம்பின் சுவையை அறிந்திருக்கிறது. ரேணுகாவின் கணவர் சிவராமனின் கை இரண்டு முறை அறிந்தது.

இரண்டாவது விதி ஆவடியில் பிறந்தது. அங்கே ஒரு காதணி விழா. அதே நாளில் திருமழிசையில் ஒரு சீமந்தம். இரண்டு விழாவுக்கு இரண்டு சன்னல் என்று ரேணுகா பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டார். காதணியை முதலில் மூடினார், சீமந்தத்தை அடுத்து மூடினார், இரண்டையும் முறைப்படியே மூடினார். மறுநாள் காதணி முழுவதும் காணாமற்போயிருந்தது.

"ஒவ்வொரு சன்னலும் திறக்கும்போது பழைய நோட்டை ஒரு நகல் எடுத்துக்கிடும்க்கா" என்று ஆசிக் விளக்கினார். "மூடும்போது தன் நகலைத்தான் நோட்டு மேல எழுதும். பக்கத்துச் சன்னல் என்ன எழுதிச்சுன்னு அதுக்குத் தெரியாதுல்லா? அதனால கடைசியா மூடுனது எழுதுறதுதான் நிக்கும்."

ரேணுகா அதைத் தம் மொழிக்கு மாற்றினார். "அதாவது, மொதப் பந்தி எலய எல்லாம் கடசிப் பந்திக்காரன் சுருட்டிக்கினு பூட்றான்."

"அதேதான்."

அன்று முதல், ஒரு நேரத்தில் ஒரு சன்னல். அதற்குமேல் அங்கே சட்டம் இல்லை.

சட்டம் மீறப்பட்டது ஒரு சனிக்கிழமை. மாதாந்தரப் பராமரிப்புக்காக ஒன்பது மணி முதல் இரண்டு மணி வரை மின்தடை. திங்கட்கிழமை பூவிருந்தவல்லியில் கல்யாணம். எண்ணூற்று ஐம்பது இலை. இலைக்குக் காசி அல்வா. குத்தம்பாக்கத்துத் தோட்டக்காரர், எத்தனை வெண்பூசணி வேண்டும் என்று நான்கு மணிக்குள் சொன்னால்தான் அறுத்து வைப்பார். எத்தனை என்று சொல்ல, அல்வாவின் அளவு முடிவாகவேண்டும். அளவை முடிவு செய்யப் பெண்ணின் தாய்மாமன் தினகரன் காலை ஏழு மணிக்கே வந்து முக்காலியில் அமர்ந்துவிட்டார்.

முதல் அல்வா ஓடியது. இரண்டாவதில் கரண்டி தானே நின்றது. நான்காவதைச் சுவைத்த தினகரன், "இத்த வெச்சி செவுறு பூசலாம்மா, நல்லா புடிக்கும்" என்றார். பூசணி ஒவ்வொரு காயும் ஒவ்வொரு விதமாக நீர் விடும். எவ்வளவு பிழிந்தால் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு நெய் என்று ரேணுகா ஒவ்வொரு முயற்சியையும் சன்னலில் வரியாக்கினார். நடுநடுவே, "நாலாவது: செவுறு" என்பன போன்ற குறிப்புகளும் பிழைச்செய்தி பெற்றுக்கொண்டு உள்ளே ஏறின. பதினோராவது அல்வாவைத் தினகரன் வாயிலிட்டார். வாழையிலைத் துண்டைத் திருப்பி, அடிப்பக்கத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

"இதாம்மா! இதுலேர்ந்து ஒரு சிட்டிகை அப்பால போவக் கூடாது. போச்சுன்னு வெய்யி, எங்க அக்கா என்னைய மணவறைப் பக்கமே உடமாட்டா!"

அவரை வழியனுப்பிவிட்டு வந்த ரேணுகா, அடுப்புகளுக்குக் கேட்கும்படி சீட்டியடித்தார். 'எக்ஸிட்', வளைவு, வளைவு, நுழைவு. சன்னல் மூடியது. மூடியபின் திரையின் அடியோரத்தில் ஒரு சிறு கறுப்புச் சதுரம் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. தொட்டார். மூன்று கொக்கிகளுடன் இன்னொரு சன்னல் எழுந்து வந்தது.

"யாரும் எதையும் தொடாதீங்க!"

கொட்டகையில் அப்போது இருந்தவர் இருவர். ஒருவர் சிவராமன், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மற்றவர் தலைமைச் சமையற்காரர் செங்கல்வராயன். பாரிவாக்கத்துக்காரர், அறுபத்தொரு வயது, இருபத்திரண்டு ஆண்டுகளாக ரேணுகாவின் அடுப்படியில் இருப்பவர். தம் சாம்பார்ப் பொடியைக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் அரைப்பார். அளவு இன்றுவரை யாருக்கும் தெரியாது. பைத்தான் என்றால் மலைப்பாம்பு என்று தெரிந்த நாள் முதல் மடிக்கணினியை அவர் மதிப்பதில்லை. "இன்னா ரேணும்மா, பாம்புக்குப் பால் வெச்சிட்டியா?" என்பது அவரது அன்றாடக் காலை வணக்கம்.

"அண்ணாத்தே, யாரு தொறந்தது?"

செங்கல்வராயன் கரண்டியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று ஆராய்ந்தார். "காத்துல தொறந்துக்கினு இருக்கும்."

"காத்துல எய்தியுமா இருக்கும்?"

ரேணுகா திரையை நோக்கிக் குனிந்தார். அவ்வளவுதான். தோளில் கிடந்த துண்டு பறந்து வந்து திரைமேல் விழுந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் செங்கல்வராயன் அவ்வளவு விரைவாக எதையும் செய்ததில்லை. பால் பொங்கியபோதுகூட இல்லை.

உண்மை துண்டுக்கு வெளியே மெல்ல வந்தது. அன்று விடியற்காலை ரேணுகா எழுவதற்கு முன்பே செங்கல்வராயன் வந்து, ஒற்றை விரலால் தம் பொடியின் அளவை வரி வரியாக அடித்திருக்கிறார். காலடி ஓசை கேட்டதும், சிறு கோடு போன்ற குறியை அழுத்திச் சன்னலைக் கீழே ஒளித்திருக்கிறார்.

"போன மாசம் ஆவடில வெந்தயம் எவ்ளோன்னு ஒரு நிமிசம் நின்னுட்டேம்மா. கை நின்னு பூட்ச்சி. அதான், பாம்புகிட்ட சொல்லி வெப்பம்னு..."

"சொல்லி வெச்சா நாளிக்கு நான் அம்பு அமுக்குறப்போ உன் பொடி பல்லக் காட்டிக்கினு வந்து நிக்கும். தெரிஞ்சிதானே போட்டே?"

செங்கல்வராயன் துண்டின் ஓரத்தை இழுத்து இன்னும் சற்றுக் கீழே இறக்கினார்.

"பேட்டரி பதினொண்ணு" என்று, துண்டு மறைக்காத திரைமூலையைப் பார்த்து, சிவராமன் பின்கட்டிய கையுடன் அறிவித்தார்.

இந்தச் சன்னலை முறையாக மூடினால், கடைசிப் பந்திக்காரன் அல்வாவைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான். மூடாமல் விட்டால் மின்கலம் தீர்ந்து எல்லாமே போய்விடும் என்று மூவரும் நம்பினார்கள். பதினோர் அல்வாவின் எண்களும் ரேணுகாவின் நாக்கில் ஒன்றோடொன்று கலந்து பாயசமாகியிருந்தன. ஆசிக்கோ உறவினர் திருமணத்துக்குக் கடையநல்லூர் போயிருக்கிறார், அழைத்தால் எடுக்கவில்லை. மின்சாரம் வேண்டும், உடனே வேண்டும். தெருமுனை மருந்துக்கடையில் இன்வர்ட்டர் உண்டு.

அவ்வாறு புறப்பட்டது அந்த ஊர்வலம். மூடி மடங்கிவிடக் கூடாது என்பதால் மடிக்கணினியைச் சீர்வரிசைத் தாம்பாளத்தில் வைத்து ரேணுகா ஏந்தினார். திரைமேல் துண்டு. வெயில் பட்டால் சூடேறும் என்று சிவராமன் குடை பிடித்தார். மின்கம்பியை மாலைபோல் கழுத்தில் போட்டுக்கொண்டு செங்கல்வராயன் முன்னால் நடந்து, "வழி உடு, வழி உடு நைனா!" என்று இரண்டு ஸ்கூட்டர்களையும் ஒரு மாட்டையும் ஒதுக்கினார். மாடி முகப்பிலிருந்து ஓர் அம்மாள் கும்பிட்டுவிட்டு, "ரேணு, எந்தக் கோயில் சாமி?" என்று கேட்டார்.

"மேலம்பு அம்மன்!" என்றார் செங்கல்வராயன், திரும்பாமலே.

மருந்துக்கடையை நடத்தும் சித்ரா, குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மின்துளையைக் காட்டினார். செங்கல்வராயன் கழுத்துக் கம்பியை அவிழ்த்து, முள்ளைத் துளைக்கு நேரே கொண்டுபோனார். ரேணுகாவின் கைப்பேசி ஒலித்தது. கல்யாண வீட்டு இரைச்சலுக்கு நடுவே ஆசிக்கின் குரல். ரேணுகா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார்.

"அக்கா, சொருகாதீங்க!"

முள் துளைக்கு ஒரு நூலிடைத் தூரத்தில் நின்றது.

"நீங்க அல்வாவை முறையா மூடிட்டீங்கள்ளா? அது நோட்டுல ஏறியாச்சு. இந்த ரெண்டாவது சன்னலை முறையா மூடினாத்தான் அது அல்வா மேல எழுதும். மூடாமலே செத்துப்போச்சுன்னா ஒண்ணும் எழுதாது. சாவட்டும் விடுங்கக்கா!"

"சாவட்டுமா?"

"நல்லா சாவட்டும்! இல்லன்னா மூலையில அந்தப் பெருக்கல் குறியை அழுத்துங்க, ஒரு நொடி. வேற வழியும் இருக்கு, போன்ல சொன்னா குழம்பிருவீங்க. பந்தி போட்டுட்டாங்க, நான் வைக்குதேன்."

மூன்றாண்டுகளாகப் பிறர் கையைத் தட்டிவிட்ட இடத்துக்கு ரேணுகாவின் சுண்டுவிரல் போயிற்று. பாதி வழியில் நின்றது. துண்டுக்குக் கீழே செங்கல்வராயனின் வரிகள் இருந்தன.

"என் கையால மாட்டேன். அண்ணாத்தே, நீயே பாத்து சொல்லு, சித்ராகிட்ட சீட்டு வாங்கி எய்திக்கிறேன்."

"மருந்துச் சீட்லயா? ஊரே படிக்கும்!" செங்கல்வராயன் நெஞ்சை நிமிர்த்தினார். "அல்வா பொழைக்கணும்னா பொடி சாவட்டும். தானா சாவட்டும். நீ ஒக்காரு."

மூவரும் மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து, மடிக்கணினியின் இறுதி மூச்சுக்காகக் காத்திருந்தார்கள். அதுவோ சாகமாட்டேன் என்றது. ஒவ்வொரு நாளும் இருபதில் திடீரென அணைந்து மானத்தை வாங்கும் மின்கலம், இன்று ஏழில் கல்லுப்பிள்ளையாரைப் போல் உட்கார்ந்துகொண்டது. திரை வெளிச்சத்தை முழுமையாக ஏற்றினார்கள். ஆறு. செங்கல்வராயன் தம் வரிகளை உள்ளங்கையால் மூடிக்கொள்ள, சிவராமன் துண்டின் ஓரத்தை மட்டும் விலக்கி, கல்யாண வீடுகளுக்காகச் சேர்த்து வைத்திருந்த கெட்டிமேளத்தைத் தேடிப் பிடித்து, முழுச் சத்தத்தில் ஓடவிட்டார். தெருவே கூடிவிட்டது.

"இன்னாக்கா, யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல, சாவு!" என்றார் ரேணுகா. சொல்லிவிட்டுத் தாமே சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு செங்கல்வராயனுக்குத் தொற்றியது. அங்கிருந்து, இருமல் மருந்து வாங்க வந்தவருக்குத் தொற்றி, அவர் இருமிக்கொண்டே சிரித்தார். ஐந்து என்றதும் கூட்டமும் சேர்ந்து எண்ணியது. நான்கு. மூன்றில் மீண்டும் உட்கார்ந்துகொண்டது. "யோவ், இது உன் மாமியார் ஜாதகம் மாமே!" என்று யாரோ சிவராமனைப் பார்த்துக் கூவினார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்து, மனைவியின் பக்கம் பார்த்து, சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்.

மேளம் உச்சத்துக்கு ஏறி, தவில் உருண்டு வந்த இடத்தில், சட்டென்று எல்லாம் நின்றது. துண்டுக்கு அடியில் இருந்த ஒளி போயிற்று. அடுத்த கணம் கைதட்டல். சித்ரா கல்லாமேசையிலிருந்த மணியை அடித்துவிட்டார். செங்கல்வராயன் துண்டை எடுத்து, இருமுறை உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கொட்டகையின் மின்விசிறி சுழன்றது. மடிக்கணினி விழித்தது. ரேணுகா ஒரே ஒரு சன்னலைத் திறந்தார். மூன்று கொக்கிகள். சேலையில் விரலைத் துடைத்தார், கண்ணை மூடிக்கொண்டார், மேலம்பை அழுத்தினார்.

"இன்னா வந்துச்சி?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

சிவராமன் எழுத்துக் கூட்டிப் படித்தார். எக்ஸிட்.

"அதுக்கு மேல!"

"பதினொண்ணாவது: எல தின்னுட்டாரு."

ரேணுகா போட்ட கூச்சலில் பெருங்காய டப்பா உருண்டது. அம்பு மேலே மேலே ஏறியது. பத்தாவது வந்தது, ஒன்பதாவது வந்தது, சுவர் வந்தது, முதலாவது ஓட்டமும் வந்தது. எண்ணூற்று ஐம்பதால் பெருக்கி, காய் ஒன்றுக்கு நான்கு கிலோ என்று வகுத்து, குத்தம்பாக்கத்துக்குத் தொலைபேசியில், "இருபத்தஞ்சு காய் நைனா, நல்லா முத்தினதா அறுத்து வெய்யி!" என்று கட்டளையிட்டார். சிவராமன் குட்டியானை வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்பி ஓய்ந்தது.

செங்கல்வராயன் போகவில்லை. வாசற்கால் அருகே நின்று, இல்லாத தூசியைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தார்; அடுப்பைப் பார்த்தார்; மீண்டும் திரையைப் பார்த்தார்.

"வெந்தயம் இப்போ ஞாபகம் கீதா?" என்று கேட்டார் ரேணுகா.

"இப்போ கீது."

சன்னலில் மூன்று கொக்கிகள் காத்திருந்தன. ரேணுகா அதை மூடவில்லை. எழுந்தார், முக்காலியை முந்தானையால் துடைத்து அவர் பக்கமாகக் காலால் நகர்த்தினார், பிறகு திரைக்கு முதுகைக் காட்டி, வெறுஞ்சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.